குழந்தையின் பெயரை மறைக்கிறோம் என்று சொல்லி துறையின் தவறையும் சேர்த்து மறைத்தால் யாரிடம் கேட்பது?

மாலதி ஆர். கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் ஒரு சின்னப் பெண். வீட்டில் அவள் அடி வாங்குவது அக்கம்பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டம்மா ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து சொன்னார். அவள் படித்த பள்ளியின் ஆசிரியை எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தார். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம், அதோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. மாதக்கணக்கில் கழிந்து, கை எலும்பு உடைந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் போலீஸ் வந்தது. பிழைத்துக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் இல்லை, பாதுகாப்பாக இருக்கிறாள்.

அடித்தவன் மேல் வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. நான் கேட்பது நடுவில் போன அந்த மாதங்களைப் பற்றி. புகார் வந்ததா, யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள், ஏன் அப்படியே விட்டார்கள்? சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'குழந்தை சம்பந்தப்பட்டது, ரகசியம்' என்ற ஒரே பதில். மேலே எழுதிப் போட்டேன், 'விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது' என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. குழுவில் யார் யார் என்று விசாரித்தால் எல்லாரும் அதே துறையில் இருப்பவர்கள்! அறிக்கை வருமா, வந்தாலும் வெளியில் கொடுப்பார்களா என்பதற்குப் பதிலே இல்லை.

அவளுடைய பெயரோ முகமோ வெளியே வந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு அவர்களைவிட அதிக அக்கறை இருக்கிறது. அவள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், நாலு பேரோடு பழக வேண்டும். ஆனால் அவளைக் காப்பாற்ற இருக்கும் ஒரு விதி, அவளைக் காப்பாற்றத் தவறியவர்களுக்குக் கவசமாகிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எந்த நாட்டிலாவது இதைச் சரியாகச் செய்கிறார்களா? நான் கேட்க நியாயமாக என்ன இருக்கிறது, எது என் எல்லைக்கு வெளியே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய கோப்பு எழுதியது:

மாலதி அம்மா, நான் குழந்தைகள் நலத் துறையில் பல வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். உள்ளே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த பதிலில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். குழந்தை யார், எந்தக் குடும்பம், உடம்பில் எங்கே காயம், அவள் வாயால் என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவளுடையது. அதை உங்களுக்கோ எனக்கோ பத்திரிகைக்கோ கொடுக்கவே கூடாது. ஆனால் புகார் எந்தத் தேதியில் பதிவானது, எத்தனை நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, எத்தனாவது நாளில் போனார்கள், போனவர் குழந்தையைத் தனியாக வைத்துப் பேசினாரா, 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று முடிவெடுத்த பதவி எது, அதற்கு ஒப்புதல் கையெழுத்து போட்ட பதவி எது என்பதெல்லாம் துறை பார்த்த வேலை. அரசு பார்க்கும் வேலைக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கோட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை அங்கே ரொம்ப வெளிப்படையாக நடந்தது. கொடுமையால் ஒரு குழந்தை இறந்தால், அந்தக் குழந்தையோடு தொடர்பில் இருந்த எல்லாத் துறைகளையும் சேர்த்து ஒரு ஆய்வு நடத்தும் முறை அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் முழு அறிக்கையை உள்ளேயே வைத்துக்கொண்டு சுருக்கத்தை மட்டும் வெளியிடுவார்கள். 2007 ஆகஸ்டில் லண்டனின் ஹாரிங்கே பகுதியில் 17 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. கடைசி எட்டு மாதத்தில் மட்டும் சமூகப் பணியாளர், டாக்டர், போலீஸ் என்று சுமார் 60 தடவை அந்தக் குழந்தையை அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நடந்த ஆய்வுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே குழந்தைகள் துறையின் இயக்குநர். பிறகு வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் அந்த ஆய்வு போதாது என்று தள்ளிவிட, இன்னொன்று நடத்த வேண்டி வந்தது. 2010-ல்தான், பெயர்களையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு முழு அறிக்கையையே வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஹாரிங்கேயின் இரண்டு அறிக்கைகளும் அந்த வருடமே முழுசாக வெளிவந்தன.

சுருக்கத்துக்கும் முழு அறிக்கைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று சிலர் கேட்பார்கள். வித்தியாசம் நிறைய. சுருக்கத்தில் 'துறைகளுக்கிடையே தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு' என்று ஒரு வரியில் கடந்து போய்விடலாம். முழு அறிக்கையில் டாக்டர் எழுதிய கடிதம் யார் மேஜைக்கு வந்தது, எத்தனை வாரம் கிடந்தது என்று எழுதியாக வேண்டும்.

அமெரிக்காவில் சட்டத்திலேயே வைத்தார்கள். குழந்தைக் கொடுமைத் தடுப்புக்காக மத்திய அரசின் நிதி வாங்கும் மாநிலம், ஒரு குழந்தை கொடுமையால் இறந்தாலோ சாகும் நிலைக்குப் போனாலோ அந்த வழக்கின் கண்டறிதல்களைப் பொதுமக்களுக்குச் சொல்ல வழி வைத்திருக்க வேண்டும் என்று 1996-ல் விதி வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு சொல்கிறார்கள் என்பதில் ஏகப்பட்ட வித்தியாசம், அது வேறு. ஃப்ளோரிடாவில் ஒரு செய்தித்தாள் ஆறு வருடக் கோப்புகளைக் கிளறி, துறைக்கு ஏற்கெனவே தெரிந்த குடும்பங்களில் 477 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்று 2014-ல் எழுதியது. அதே வருடம் அங்கே சட்டம் மாறி, குழந்தை மரணங்களின் விவரத்தைத் துறையே இணையதளத்தில் போட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கோப்பு கையில் கிடைத்தால் வருகைப் பதிவை முதலில் பாருங்கள். என் காலத்தில் ஒரு பதிவேட்டைப் பார்த்தது இன்னும் மனசில் நிற்கிறது. மாதத்துக்கு ஒரு வருகை, ஒவ்வொன்றுக்கும் தேதி மாறுகிறது, கீழே 'குழந்தை நலமாக உள்ளது, தாய் ஒத்துழைக்கிறார்' என்ற வாக்கியம் மட்டும் ஒரு எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. அப்படி எழுதியது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. ஃப்ளோரிடாவிலேயே அரசின் பொறுப்பில் இருந்த ஒரு சின்னப் பெண் காணாமல் போய் ஒரு வருடத்துக்கும் மேல் துறைக்குத் தெரியாமலே இருந்து, 2002-ல்தான் வெளியே வந்தது. அவ்வளவு நாளும் அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகக் காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது.

---

களத்திலிருந்து எழுதியது:

பழைய கோப்பு ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் வேலையில் இருக்கும் சமூகப் பணியாளர்.

'யார் பொறுப்பு' என்று வெளியிலிருந்து அழுத்தம் வந்த உடனே துறை செய்யும் முதல் வேலை, கடைசியாக அந்த வீட்டுக்குப் போன ஆளைப் பிடித்து சஸ்பெண்ட் செய்வது. பத்திரிகையில் செய்தி வரும், கோபம் அடங்கும், கோப்பு மூடப்படும். அந்த ஆள் கையில் எத்தனை குழந்தைகளின் வழக்கு இருந்தது, காலியான பணியிடங்கள் எத்தனை நாளாகக் காலியாக இருக்கின்றன, அவர் மேலே எழுதிக் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பலிகடா கொடுப்பது பொறுப்பேற்பதே ஆகாது, அது பொறுப்பைத் தட்டிக்கழிக்க இருப்பதிலேயே சுலபமான வழி.

விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி 2000-ல் லண்டனில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. நாலு சமூக சேவைத் துறைகள், இரண்டு போலீஸ் குழுக்கள், இரண்டு ஆஸ்பத்திரிகள் அவளைப் பார்த்திருந்தன. அதை விசாரித்த லேமிங் பிரபு 2003-ல் கொடுத்த அறிக்கையில், அவளைக் காப்பாற்ற குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன, அதில் ஒன்றுக்குக்கூடப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. பெரிய தோல்வி களத்தில் இருந்தவர்களுடையது இல்லை, மேலாளர்களும் உயர் பொறுப்பில் இருந்தவர்களும்தான் தவறினார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 'எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவில்லை' என்று சாட்சி சொன்ன மேலதிகாரிகளை அவர் விடவில்லை. தெரிந்துகொள்வதுதானே அவர்கள் வேலை?

அவள் இறந்ததும் அதே ஹாரிங்கே பகுதியில் வசித்தபோதுதான். 108 பரிந்துரைகள் வந்து, புதுச் சட்டம் வந்து, ஏழு வருடம் கழித்து அதே இடத்தில் ஐயா மேலே சொன்ன குழந்தை.

அந்த இரண்டாவது சம்பவத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமைச்சர் டிவி கேமரா முன்னால் துறை இயக்குநரைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார், ஊரே கைதட்டியது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவரிடம் முறையாக விளக்கமே கேட்காமல் நீக்கியது சட்டப்படி செல்லாது என்றது. நஷ்ட ஈடாகப் பெரிய தொகை போனது. இயக்குநர் மேல் தவறு இருந்ததா என்பது வேறு கேள்வி, ஆனால் முறையாக விசாரிக்காமல் செய்த வேலை பொறுப்புக்கூறலையே கெடுத்துவிட்டது பாருங்கள். அதற்கப்புறம் சமூகப் பணிக்கு ஆள் கிடைப்பதே குதிரைக் கொம்பானது, பயத்தில் எதற்கெடுத்தாலும் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து எடுப்பதும் அதிகமானது. அதே 2011-ல் பேராசிரியர் ஐலீன் மன்ரோ அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதைத்தான் பேசியது. படிவம் நிரப்புவதிலும் கெடு தேதியிலும் கவனம் போய், குழந்தையோடு உட்கார்ந்து பேசும் நேரம் பறிபோய்விட்டது என்றார் அவர். எங்கள் வேலையைச் செய்கிற யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆகவே மாலதி, கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். கேட்கும்போது கூடவே அந்த அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு எத்தனை வழக்கு, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்பதையும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் களப்பணியாளர் இல்லை.

---

குமரன்77 எழுதியது:

எல்லாரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எனக்குக் கமிஷன், குழு, ஆய்வு இதிலெல்லாம் நம்பிக்கை போய்விட்டது. அரசுக்குத் தப்பிக்க வேண்டுமென்றால் கமிஷன் போடும், அவ்வளவுதான். அறிக்கை வருவதற்குள் ஆட்சி மாறும், அதிகாரி ஓய்வு பெறுவார், பரிந்துரைகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும்.

இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரைப் பாருங்கள். 1997-லிருந்து 2013 வரை, குறைத்து மதிப்பிட்டாலே 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று அதைத் தனியாக விசாரித்த அலெக்சிஸ் ஜே 2014-ல் அறிக்கை கொடுத்தார். எல்லாரும் அதிர்ச்சியடைந்தார்கள். ஆனால் 2002, 2003, 2006 என்று மூன்று அறிக்கைகள் அதற்கு முன்பே போலீஸ் கையிலும் நகராட்சி கையிலும் இருந்திருக்கின்றன! முதல் அறிக்கையை நம்பாமல் அமுக்கியே விட்டார்கள், மற்ற இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. இதையும் ஜே தன் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லவே முடியாது. பிறகு அவரே தலைமை வகித்து முடித்த தேசிய விசாரணை 2015-ல் ஆரம்பித்து 2022 வரை ஏழு வருடம் ஓடியது. இப்படி இருக்கும்போது மாலதி அக்காவுக்கு ஒரு அறிக்கை கிடைத்துத்தான் என்ன ஆகப்போகிறது?

---

இல்லத்துப் பிள்ளை எழுதியது:

குமரன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அறிக்கையால் பயனில்லை என்று சொல்லாதீர்கள். நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன், எனக்கு அதன் மதிப்பு தெரியும்.

எங்கள் இல்லத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வரும். வரப்போகிறது என்பது எங்களுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் பீரோவிலிருந்து நீலக்கரை போட்ட புதுப் படுக்கை விரிப்புகள் வெளியே வரும். மடிப்பு கலையாமல் விரித்து, அதன் மேல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதிகாரி வருவார், ரிஜிஸ்டரைப் பார்ப்பார், சமையலறையை எட்டிப் பார்ப்பார், வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து 'எல்லாம் நல்லா இருக்கா' என்பார். பக்கத்தில் வார்டன் நிற்பார். நாங்கள் 'இருக்கு சார்' என்போம். அவர் கார் கிளம்பியதும் விரிப்புகள் திரும்ப பீரோவுக்குள் போய்விடும். காகிதத்தில் அந்த இல்லம் எப்போதும் நன்றாகவே இருந்தது.

வளர்ந்த பிறகு அயர்லாந்தின் ரயன் கமிஷன் 2009-ல் கொடுத்த அறிக்கையைப் பற்றிப் படித்தேன். மத அமைப்புகள் நடத்திய இல்லங்களில் பல பத்தாண்டுகளாக நடந்த கொடுமைகளைப் பற்றியது. அதில் அரசின் கல்வித் துறை செய்த ஆய்வு முறையைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆய்வு வருவது நிர்வாகிக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் ஆய்வாளருக்கு உண்மை நிலை தெரியவில்லை, ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் பேசியதே அபூர்வம், பெற்றோர் கொடுத்த புகார்கள் சரியாக விசாரிக்கப்படவில்லை என்று இருந்தது. எங்கேயோ இருக்கும் ஒரு நாட்டின் அறிக்கையில் எங்கள் இல்லத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அதுவரை இதெல்லாம் எங்களுக்கு மட்டும், எங்கள் தலையெழுத்தால் நடந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அரசின் பெயரில் ஒரு காகிதம் 'இது நடந்தது, இவர்கள் தவறினார்கள்' என்று சொல்வது பாதிக்கப்பட்டவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்தியாவில் 2018-ல் பிகார் முசாபர்பூர் சிறுமிகள் காப்பகத்தின் விஷயம் எப்படி வெளியே வந்தது? அதிகாரிகள் அங்கே போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து வந்த தணிக்கைக் குழு குழந்தைகளிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரிந்தது. 2020-ல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வெளியாள் வருவதும் குழந்தையோடு பேசுவதும் இல்லாத தணிக்கையால் ஒரு குழந்தைக்கும் நன்மை இல்லை.

பரிந்துரைகள் கிடப்பில் போகும் என்றீர்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளி, இல்லம், மத அமைப்பு போன்ற நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி 2013 முதல் 2017 வரை விசாரித்த ராயல் கமிஷன், 8,000 பேருக்கு மேல் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டது, 409 பரிந்துரைகள் கொடுத்தது. கொடுத்ததோடு விடாமல், ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம் என்று அரசுகள் தொடர்ந்து ஐந்து வருடம் வருடாந்திர அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதி வைக்க வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டமும் 2018-ல் வந்தது. நியூசிலாந்தில் 2024-ல் வந்த அறிக்கை, 1950 முதல் 2019 வரை அரசு மற்றும் மத அமைப்புகளின் பராமரிப்பில் இருந்தவர்களில் சுமார் 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த வருட நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மட்டும் போதாதுதான். ஆனால் அதுவரை இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்தவர்கள் வாய் மூட வேண்டியதாயிற்று.

மாலதி அக்கா, ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணின் கோப்பு அழிக்கப்படாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவள் பெரியவளான பிறகு ஒருநாள் தேடுவாள். நான் என் கோப்பைக் கேட்டபோது குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிட்டோம் என்றார்கள். என் சின்ன வயதில் எனக்கு என்ன நடந்தது என்பதற்கு என் ஞாபகத்தைத் தவிர இன்று வேறு சாட்சி கிடையாது.

---

இளவேனில் (வக்கீல்) எழுதியது:

இல்லத்துப் பிள்ளை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே அடுத்த வரி எழுத வரவில்லை. எழுதியதற்கு நன்றி.

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். காப்பாற்றத் தவறியதற்கு அரசு பொறுப்பா என்ற கேள்விக்கே உலகத்தில் ஒரே பதில் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 4 வயதுப் பையனைத் தகப்பன் அடித்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய் வந்து, சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார், ஆனால் வேறு எதுவும் செய்யவில்லை. 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிமனிதன் செய்யும் வன்முறையிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கடமையை அரசியல் சட்டம் அரசின் மேல் சுமத்தவில்லை என்று சொல்லிவிட்டது. படித்தால் இன்றும் வயிறு எரியும் தீர்ப்பு. இதற்கு நேர் எதிராக, பிரிட்டனில் நாலு குழந்தைகள் சொந்த வீட்டிலேயே பட்டினியிலும் அழுக்கிலும் கிடப்பது தெரிந்தும் நாலு வருடத்துக்கு மேல் அதிகாரிகள் அவர்களை மீட்காத வழக்கு. அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1995-ல் வழக்குப் போடவே முடியாது என்றது. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2001-ல் மனிதத் தன்மையற்ற கொடுமையிலிருந்து காக்கும் கடமையில் அரசு தவறியது என்று தீர்ப்பு வந்தது, இழப்பீடும் கிடைத்தது. குழந்தைகள் உரிமை குறித்த 1989-ம் வருட ஐ.நா. உடன்படிக்கையின் 19-வது பிரிவும் பெற்றோர் கையிலேயே நடக்கும் வன்முறையிலிருந்து காக்க வேண்டியது அரசின் கடமை என்றுதான் சொல்கிறது.

அடுத்து ஆவணம் கேட்பது. தகவல் உரிமைச் சட்டம் உள்ள பல நாடுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு ஆவணத்தில் கொடுக்கக் கூடாத பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அது 10-வது பிரிவு. 'கோப்பு முழுவதும் ரகசியம்' என்ற பதிலுக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இதுதான். ஆனால் மறைப்பதையே ஒரு கலையாகச் செய்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோரை அரசு தவறாகக் குற்றம் சாட்டிக் கடனில் தள்ளியது. அந்தக் குடும்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தங்கள் மேல் என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் கோப்பு கேட்டபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். தன்னைப் பற்றிய கோப்பில் தன்னிடமிருந்தே மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நாடாளுமன்றக் குழு அறிக்கை வந்து, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

அதனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 'இந்தக் குழந்தையின் கோப்பைக் கொடுங்கள்' என்று எழுதாதீர்கள், முதல் வரியிலேயே மறுத்துவிடுவார்கள், அது சரியும்கூட. குழந்தையின் பெயரை உங்கள் மனுவில் எழுதவே எழுதாதீர்கள், மனுவும் ஒரு பொது ஆவணம்தான். அந்த அலுவலகத்துக்கு அந்த வருடம் வந்த புகார்களில் விதித்த கெடுவுக்குள் நேரில் போய்ப் பார்த்தவை எத்தனை, பார்க்காமலே மூடியவை எத்தனை, ஒரே வீட்டைப் பற்றி மறுபடி புகார் வந்தால் யார் பார்வைக்குப் போக வேண்டும் என்ற சுற்றறிக்கையின் நகல், இதையெல்லாம் கேளுங்கள். விசாரணைக் குழு அமைத்த உத்தரவின் நகலைத் தனியாகக் கேளுங்கள். அதில் குழுவின் வரம்பும் கெடு தேதியும் இருக்கும், அந்தத் தேதிதான் பிறகு உங்களுக்குப் பிடிமானம்.

---

மாலதி ஆர். எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி.

களத்திலிருந்து எழுதியவர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். வந்து பார்த்துவிட்டுப் போனவர் மேல் எனக்கு இருந்த கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருப்பாரே, அவரைப் பற்றி நான் இதுவரை கேட்கவே இல்லை. ஒரு ஆளுக்கு எத்தனை வழக்கு என்பதையும் சேர்க்கிறேன். இல்லத்துப் பிள்ளை தம்பி, கோப்பை அழிக்கக் கூடாது என்று தனிக் கடிதமாகவே கொடுக்கிறேன், அதை மற்ற கேள்விகளோடு கலக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

வக்கீல் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். புகார் எழுதிக் கொடுத்த ஆசிரியை, தன் புகார் என்ன ஆனது என்று தானே கேட்கலாமா? அவர் பயப்படுகிறார், வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று.

---

இளவேனில் (வக்கீல்) எழுதியது:

கேட்கலாம் மாலதி, உங்களைவிட அவருக்குத்தான் வலு அதிகம். தான் கொடுத்த புகாரின் கதி என்ன என்று புகார் கொடுத்தவர் கேட்பதை மூன்றாம் நபர் விவகாரம் என்று தள்ள முடியாது. குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆசிரியர்கள் மேல் சட்டக் கடமை வைத்திருக்கும் நாடு என்றால் இன்னும் நல்லது, அவர் கடமையைச் செய்தவர், நல்லெண்ணத்தில் புகார் சொன்னவருக்கு அப்படிப்பட்ட சட்டங்களில் பொதுவாகவே பாதுகாப்பும் உண்டு. தனியாக எழுதப் பயமாக இருந்தால் அவருடைய சங்கம் மூலமாகவோ ஒரு வக்கீல் மூலமாகவோ கடிதம் போகட்டும். முக்கியமாக அவர் முதலில் கொடுத்த புகாரின் நகலும் அலுவலக முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் அசலைப் பள்ளியில் வைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மனுவோடு நகலை மட்டும் இணைத்தால் போதும்.